காய்ந்த போன்சாயை ‘ட்ரீட்மென்ட்’டுக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் வீட்டில் போன்சாய் (சின்னத் தொட்டியில் குள்ளமாக வளர்க்கும் மரம்) வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். தண்ணீர் இல்லாமல் காய்ந்த மரத்தைப் பிழைக்க வைத்துத் தருகிறோம் என்று வாங்கி வைத்துக்கொண்டு நன்றாக ஏமாற்றுகிறார்கள். கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள், அதனால் நர்சரிக்காரர் என்றே சொல்கிறேன்.

மரம் என் மாமனார் ஆசையாக வளர்த்தது. ஃபைகஸ் வகை, ஆலுக்கும் அரசுக்கும் பங்காளி. ஏப்ரலில் மாமியாரின் ஆபரேஷனுக்காக எல்லோரும் சேலத்தில் தங்கிவிட்டோம். தண்ணீர் ஊற்ற ஒப்புக்கொண்ட பையன் பாதியில் ஊருக்குப் போய்விட்டான். நம் ஊர் மொட்டை மாடி வெயில்தான் தெரியுமே. வந்து பார்த்தால் இலை மொத்தமும் கொட்டியிருந்தது. மண் சுருங்கி, தொட்டி விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி.

நர்சரிக்காரர் மரத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “உயிர் இருக்குக்கா. விட்டுட்டுப் போங்க, ஹார்மோன் மருந்து வச்சு எடுத்துத் தர்றேன்” என்றார். 2,500 ரூபாய், முழுசும் முன்பணம். பில் கேட்டதற்கு, “செடிக்கெல்லாம் ஏதுக்கா பில்லு?” என்று சிரித்தார். நல்ல வேளை, பணத்தை ஜிபே-யில் அனுப்பியிருந்தேன்.

திரும்பக் கொடுத்தபோது மரம் ஜோராக இருந்தது. பளபளவென்று இலை, அடியில் பாசி, மேலே வெள்ளைக் கூழாங்கல். மாமனாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொஞ்ச நாளில் இலை தொங்க ஆரம்பித்தது. போன் செய்தால், “இன்னும் தண்ணி ஊத்துங்கக்கா” என்றார். ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாகவே வழிந்தது. சந்தேகம் வந்து கூழாங்கல்லைக் கிளப்பினேன். கடலை மிட்டாய் மாதிரி ஒரே வில்லையாகப் பெயர்ந்து வந்தது, அத்தனையும் பசை போட்டு ஒட்டியது. அடியில் மண் கல்லாக இறுகிக் கிடந்தது, ஈரமே இல்லை. நடுவில் வெள்ளை வெள்ளையாக யூரியா மணிகள்.

அதைவிடப் பெரிய கூத்து பின்பக்கம் இருந்தது. தண்டோடு ஒட்டி ஒரு பச்சைக் கம்பிக் கட்டு. அதைப் பிரித்து, இலை இருந்த கிளையை லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. நுனி சாய்வாகக் கத்தியால் வெட்டியிருந்தது, பேருக்குக்கூட ஒரு வேர் இல்லை. வேறு ஃபைகஸிலிருந்து போத்து, அதாவது நடுகிற கிளைத் துண்டு வெட்டி, மண்ணில் செருகி, எங்கள் மரத்தில் கட்டி வைத்திருக்கிறார்! ஃபைகஸ் போத்து வேர் விடாமலேயே சில நாள் பச்சையாக நிற்கும், அந்தத் தைரியம்தான். மரத்தின் சொந்தக் கிளைகளை ஒட்ட அறுத்து, அறுத்த இடத்தில் மரக்கலர் பசை பூசியிருந்தார்.

கேட்கப் போனால், “செடிக்கு கேரண்டி கிடையாதுங்க” என்றார். அக்கா போய் ‘ங்க’ வந்துவிட்டது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மரம் அப்போதும் சாகவில்லை. நகத்தால் தண்டின் அடிப்பக்கம் லேசாகச் சுரண்டினால் பச்சை தெரிந்தது, துளி பால்கூடக் கசிந்தது. உள்ளே பழுப்பாக, மொரமொரவென்று இருந்தால்தான் அந்த இடம் செத்தது. கொடுக்கும் முன் நீங்களே இதைப் பாருங்கள். ஜூனிபர் என்ற ஊசியிலை மரம் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். அது செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே இருக்கும், இலையைக் காட்டியே உங்களிடம் காசு வாங்கிவிடலாம்.

ஃபைகஸுக்கு ஹார்மோனும் வேண்டாம், டானிக்கும் வேண்டாம். காய்ந்து இறுகிய மண் மேலே ஊற்றும் தண்ணீரைக் குடிக்காது. அதனால் தொட்டியோடு ஒரு டப்பில், மண் மூழ்கும்படி இறக்கி வைத்தேன். குமிழி வருவது நின்றதும் எடுத்து வடியவிட்டு, வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து, மேலே ஒரு பாலித்தீன் கவர் தளர்வாகப் போட்டேன். அப்புறம் மேல்மண் லேசாகக் காயும்போதுதான் தண்ணீர். இலை இல்லாத மரம் அதிகம் குடிக்காது, தினமும் ஊற்றினால் வேர் அழுகும். உரம் சுத்தமாகக் கூடாது. வேர் பலவீனமாக இருக்கும்போது உர உப்பு, இருக்கிற ஈரத்தையும் வேரிடமிருந்து இழுத்துவிடும். போர் தண்ணீரிலேயே நமக்கு உப்பு ஜாஸ்தி, அதனால் குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரைத்தான் ஊற்றினேன். இப்போது தண்டின் அடியில் மொட்டு விட்டிருக்கிறது. கிளைகள் பழைய அழகுக்கு வர வருஷங்கள் ஆகும்.

யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால், தண்டையும் கிளைகளையும் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். என்ன செய்யப்போகிறார் என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். வாங்கி வரும்போது கடையிலேயே கிளைகளை மெல்ல அசைத்து, கல்லைத் தூக்கிப் பாருங்கள்.

ஏமாந்தவர்கள் 1915-க்குப் போன் செய்யலாம், தேசிய நுகர்வோர் உதவி எண் அது. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. நான் புகார் கொடுத்தது தெரிந்ததும் நர்சரிக்காரர் ஆள் அனுப்பி, 1,000 ரூபாய் தருகிறேன், வாபஸ் வாங்குங்கள் என்றார். 2,500-ம் வரட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.