ஜாமர் கைப்பிடி வலுமானி: குமரி மாவட்டக் களஆய்வில் பயன்படுத்திய அனுபவம்

முதியோரின் தசை வலுவை அளக்கும் களஆய்வொன்றுக்காக, கை இறுக்கிப் பிடிக்கும் வலுவை (பிடிவலுவை) அளக்கும் ஜாமர் ஹைட்ராலிக் டைனமோமீட்டரைக் குளச்சல் கடற்கரையிலும் குலசேகரத்தின் ரப்பர் தோட்டப் பகுதிகளிலும் வீடு வீடாகக் கொண்டுசென்று பயன்படுத்தி வருகிறோம். இத்தகைய ஆய்வைத் தொடங்கவிருக்கும் பிசியோதெரபி மாணவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். ஆனால், இந்த ஒரு கருவியை வைத்துக்கொண்டு உடலின் வலுவை முழுமையாக அளந்துவிட முடியாது.

கைப்பிடியை இறுக்கும்போது உள்ளே அடைபட்டிருக்கும் திரவத்தில் உண்டாகும் அழுத்தம், வட்ட முகப்பில் 0 முதல் 90 கிலோ வரையிலான அளவாகத் தெரிகிறது. கையைத் தளர்த்திய பின்னும் ஒரு முள் உச்ச அளவிலேயே நிற்பதால் நிதானமாகக் குறித்துக்கொள்ளலாம். அடுத்தவரிடம் கொடுப்பதற்கு முன் அந்த முள்ளைப் பூச்சியத்துக்குத் திருப்பிவிட வேண்டும். பேட்டரி தேவைப்படாதது பேச்சிப்பாறை மலைப்பகுதியில் பெரிய வசதி. ஆனால் அளவுக்கோடுகள் 2 கிலோ இடைவெளியில் இருப்பதால், மிகவும் நலிந்தவர்களிடம் சிறு மாற்றங்களைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்கு மின்னணு வகையே பொருத்தம்.

கைப்பிடியை ஐந்து நிலைகளில் பொருத்தலாம். பொதுவாக இரண்டாம் நிலையே பரிந்துரைக்கப்படுகிறது. நாற்காலியில் அமர்ந்து, மேற்கையை உடலோடு ஒட்டி, முழங்கையை 90 பாகை மடக்கி இறுக்கச் சொல்ல வேண்டும். ஆசிய நாடுகளில் பரவலாக உள்ள ஸ்மெட்லி எனும் ஸ்பிரிங் வகைக் கருவியையோ நின்றபடி, முழங்கையை நீட்டிப் பயன்படுத்துவார்கள். ஆகவே இரண்டில் எடுத்த அளவுகளையும் ஒரே அட்டவணையில் கலப்பது பிழையாகும். இந்தியா உட்பட 17 நாடுகளில் நடந்து 2015இல் வெளியான ப்யூர் ஆய்வு ஜாமரையே பயன்படுத்தியது. பிடிவலு 5 கிலோ குறையும்போது இறப்பு அபாயம் ஏறத்தாழ 16 விழுக்காடு கூடுவதாக அது கண்டறிந்தது. நம் ஊர்த் தரவுகளை அத்தகைய பெரும் ஆய்வுகளோடு ஒப்பிட முடிவதே இந்தக் கருவிக்காகச் செலவிடும் பணத்துக்கு உண்மையான பயன் என்று நான் கருதுகிறேன்.

எனினும் இம்மாவட்டத்தின் தொழில்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) பல ஆண்டுகள் கொட்டை உடைத்த பெண்களுக்கும், வலை இழுத்த மீனவர்களுக்கும், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்களுக்கும் கையே உழைப்பின் கருவி. ஆசியத் தசைநலிவு ஆய்வுக் குழு 2019இல் வகுத்த எல்லைகளின்படி, ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தால்தான் பிடிவலு குறைவு. அந்த எல்லையை எளிதில் தாண்டும் அம்மாமார் சிலர், தரையிலிருந்து எழச் சுவரைப் பற்றிக்கொள்வதைப் பார்க்கிறோம். நேர்மாறாக, விரல் மூட்டுவலி உள்ளவரிடம் கிடைக்கும் குறைந்த அளவு, தசையின் நலிவைக் காட்டாமல் வலியைக் காட்டக்கூடும். எனவே நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து அமரும் சோதனையையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். அதற்கு 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் உடல் செயல்திறன் குறைவு என்று அதே குழு 2019இல் வகுத்தது. வீட்டுக்கு வீடு நாற்காலியின் உயரம் மாறும் என்பதால், உறுதியான ஒரே நாற்காலியை உடன் கொண்டுசெல்வது நல்லது.

வாங்கும்போது அளவுத்திருத்தச் சான்றிதழைக் கேட்டுப் பெறுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மறுசோதனைக்கு அனுப்பவும் ஆய்வுச் செலவில் பணம் ஒதுக்குங்கள். இடைப்பட்ட காலத்தில், முத்திரையிட்ட எடைக்கற்களைக் கைப்பிடியில் தொங்கவிட்டு முள் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.