சோற்றை விடுவதா, பாதியாக்குவதா

கொழும்பு காலி வீதியில் வாங்கிய மதியப் பார்சல் ஒன்றைப் பிரித்து, கறிகளை ஒதுக்கிவிட்டு, சோற்றை மட்டும் சமையல் தராசில் வைத்துப் பாருங்கள். தராசு 400 கிராம் காட்டினால் அதிசயமில்லை. சமைத்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 28 கிராம் மாப்பொருளும் 130 கலோரியும் இருக்கின்றன. அப்படியென்றால் அந்தப் பார்சலின் சோறு மட்டுமே 112 கிராம் மாப்பொருள், 520 கலோரி. கீட்டோ என்று எல்லாரும் சொல்லும் முறையில், அதாவது மாப்பொருளை வெட்டிக் கொழுப்பைக் கூட்டும் முறையில், ஒரு முழு நாளுக்கே 20 முதல் 50 கிராம் மாப்பொருள்தான் கணக்கு. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு இதைச் செய்யப் போகிறவர் எதை விடப் போகிறார் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

ஒப்பிடப்போவது இரண்டு வழிகளை. முதலாவது, சோறு, பாண், இடியப்பம், பிட்டு, அப்பம், சீனி எல்லாவற்றையும் நிறுத்தி, அந்த இடத்தை முட்டை, மீன், இறைச்சி, தேங்காய், நெய் ஆகியவற்றால் நிரப்புவது. இரண்டாவது, சோற்றைப் பாதிக்கும் கீழே இறக்கி, நாள் முழுவதற்குமான மாப்பொருளை 130, 140 கிராமுக்குள் வைத்து, புரதத்தைக் கூட்டி, எண்ணெயையும் தேங்காயையும் கூட்டாமல் விடுவது. நான் தெரிந்தெடுத்தது இரண்டாவதை. காரணம் ஒன்றே ஒன்றுதான், ஆனால் அதற்கு வருமுன் முதலாவதுக்குரிய நியாயத்தைச் சொல்லியாக வேண்டும்.

கீட்டோவில் பசி அடங்கும். அது வெறும் விளம்பரப் பேச்சு இல்லை. முட்டையும் மீனும் சாப்பிட்டவருக்குப் பதினொரு மணிக்கு ரோல்ஸ் தேடிப் போகும் எண்ணம் வருவது குறைவு. இரத்தச் சீனியும், ட்ரைகிளிசரைட் என்னும் இரத்தக் கொழுப்பும் இறங்குவதை அறிக்கையிலேயே பார்க்கலாம். இன்னொரு வசதியைப் பலர் கவனிப்பதில்லை: “சோறு இல்லை” என்ற கட்டளையைக் காப்பாற்றுவது “சோறு கொஞ்சம்” என்பதைக் காப்பாற்றுவதைவிடச் சுலபம். கொஞ்சம் என்பதற்கு எல்லை கிடையாது. தனியாக இருந்து தனக்கென்று சமைப்பவர், மச்சம் எந்த நாளும் சாப்பிடுபவர், அளந்து சாப்பிடப் பொறுமை இல்லாதவர் ஆகியோருக்கு இது நல்ல வழியாகவே இருக்கலாம்.

முதல் கிழமையில் தராசு காட்டும் இரண்டு கிலோவை மட்டும் நம்ப வேண்டாம். ஈரலும் தசையும் மாப்பொருளைச் சேமித்து வைக்கும் வடிவமான கிளைகோஜன் அரைக் கிலோ அளவில் இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவு தண்ணீர் சேர்ந்திருக்கும். மாப்பொருளை நிறுத்தியதும் இரண்டும் சேர்ந்து இறங்கும். அதே நாட்களில் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியேற்றுவதால் தலையிடி, கால் பிடிப்பு, எழும்பினால் தலைச்சுற்று எல்லாம் வரும். நாளுக்கு ஒன்றிரண்டு கோப்பை உப்பிட்ட இரசமோ எலும்பு சூப்போ குடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிரஷர் குளிசை எடுப்பவர் மட்டும் தானாக உப்பைக் கூட்டக் கூடாது.

கீட்டோவை இங்கே சரியாகச் செய்தால் ஒரு நாள் இப்படி இருக்கும். காலையில் வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு, ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் மூன்று முட்டை. மத்தியானம் 150 கிராம் மீன் முதற்பால் விட்ட குழம்பில், வெண்டிக்காய் ஒரு பிடி, வல்லாரை அல்லது முருங்கையிலை வறை. இரவு 200 கிராம் கோழி, எண்ணெயில் வதக்கிய கோவா. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1,500 கலோரி, 35 கிராம் மாப்பொருள். பருப்பு இல்லை, சமைத்த பருப்பில் 100 கிராமுக்கு 20 கிராம் மாப்பொருள். மரவள்ளி, ஈரப்பலா, வற்றாளை பக்கமே போக முடியாது. பால் தேத்தண்ணியும் இல்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தெரியாமல் சறுக்குகிறார்கள்: இரண்டு தேக்கரண்டி சீனியோடு நாளுக்கு நாலு தேத்தண்ணி என்றால் 35 கிராம் அளவு சீனி அதிலேயே போய்விட்டது, பால்மாவின் சீனி தனி. கடையில் வாங்கும் டெவல் கோழியின் சோஸ், சீனிச் சம்பல், தயிரோடு வரும் கித்துள் பாணி, வெயிலுக்குக் குடிக்கும் செவ்விளநீர் எல்லாம் அதே கதைதான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றால், பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 609 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாப்பொருளைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். புள்ளிவிவரக் கணக்கில் இது வித்தியாசமே அல்ல. யாருக்கு எது பொருந்தும் என்பதை மரபணுவையோ இன்சுலின் சுரப்பையோ வைத்து முன்கூட்டிச் சொல்லவும் முடியவில்லை. 2021இல் அமெரிக்காவில் 20 பேரை ஆய்வு நிலையத்திலேயே தங்கவைத்து, இரண்டு முறையையும் இரண்டிரண்டு கிழமை கொடுத்து, விரும்பிய அளவு சாப்பிட விட்டார்கள். கொழுப்புக் குறைந்த சாப்பாட்டில்தான் அவர்கள் நாளுக்கு 689 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். கொழுப்புத்தான் வயிற்றை நிரப்பும் என்று அடித்துச் சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மாப்பொருள் குறைத்தவர்கள் தெளிவாக முன்னுக்கு நின்ற ஆய்வும் உண்டு. இஸ்ரேலில் 322 பேரை வைத்து இரண்டு வருடம் நடத்தி 2008இல் வெளியிட்டது அது: மாப்பொருள் குறைத்தவர்கள் 4.7 கிலோ, கொழுப்புக் குறைத்தவர்கள் 2.9 கிலோ. ஆனால் அவர்களுடைய பிரதான சாப்பாடான மதிய உணவு வேலைத்தளச் சாப்பாட்டுச்சாலையில், எந்த முறைக்கு எது என்று அடையாளமிட்டுக் கிடைத்தது. கொட்டாஞ்சேனை வீடொன்றில் மாமிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே பானையில் சமைப்பவருக்கு அந்த வசதி இல்லை.

என் தெரிவைத் தீர்மானித்ததும் அந்தப் பானைதான். கீட்டோவை எத்தனை பேர் இடையில் விடுகிறார்கள் என்பதைவிட முக்கியமான கேள்வி, விடும்போது என்ன மிச்சம் இருக்கிறது என்பது. இங்கே மிஞ்சுவது கொழுப்பு.

எப்படியென்று பாருங்கள். நம்முடைய சமையலில் தேங்காய்ப்பால் இரண்டு தரம். முதற்பால் கெட்டி, கொழுப்பு பெரும்பாலும் அதில். சொதிக்கும் பருப்புக்கும் வழக்கமாகப் போவது அடுத்துப் பிழியும் தண்ணிப் பாலான கப்பிப்பால், முதற்பால் கடைசியில் ஒரு சுற்று மட்டும். கீட்டோ தொடங்கிய வீட்டில் முதற்பாலே குழம்பு முழுக்கப் போகிறது; வறைக்குத் தேங்காய்ப்பூ இரட்டிப்பாகிறது; முட்டைக்கு நெய் வருகிறது. நாக்கு இரண்டு கிழமையில் இதற்குப் பழகிவிடும், வீட்டிலுள்ள மற்றவர்களின் நாக்கும் சேர்ந்து. பிறகு ஒரு கல்யாணம், ஓர் ஆடிவேல், ஒரு புரியாணி. அல்லது சும்மா ஒரு வெள்ளிக்கிழமை: மரக்கறி நாளில் மீன் இல்லை, முட்டை இல்லை, பருப்பும் கடலையும் மாப்பொருள் என்று தள்ளியாயிற்று; மிஞ்சுவது கத்தரிக்காயும் தேங்காயும். அன்று சோறு திரும்பி வரும். கிளைகோஜனும் தண்ணீரும் திரும்பி, தராசு அடுத்த நாளே ஒன்றரைக் கிலோ கூட்டிக் காட்டும். அது கொழுப்பு இல்லை என்று தெரிந்தவருக்கும் மனம் விட்டுப்போகும். சோறு நிலையாகத் திரும்பிவிடும். முதற்பால் மட்டும் கப்பிப்பாலாக மாறாது.

கணக்குப் போடலாம். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் 120 கலோரி. எண்ணெய், நெய், தேங்காய்ப்பால் எல்லாவற்றிலுமாக நாளுக்கு நாலு மேசைக்கரண்டிக் கொழுப்பு கூடியிருந்தால் 480 கலோரி. சோறு இல்லாதவரை அது சோற்றின் இடத்தில் இருந்தது. சோறு வந்தபின் அதன்மேல் ஏறி நிற்கிறது. உடம்புக் கொழுப்பு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்று வைத்தால், 16 நாளில் ஒரு கிலோ. உடம்பு கணக்குப் புத்தகம்போல நடக்காது, பாதியென்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் மாதம் ஒரு கிலோ. தொடங்கியதைவிடக் கூடிய நிறையில் கீட்டோவை முடிப்பவர்களின் வீட்டில் நடப்பது பெரும்பாலும் இதுதான், “உடம்பு வாசி” இல்லை. செலவும் இதே திசையில்தான் தள்ளும். 2024 கடைசியில் ஒரு தேங்காய் 200 ரூபாவை எட்டியபோது நாளுக்கு ஒரு தேங்காயைத் தனக்கென்று ஒதுக்க எத்தனை வீட்டால் முடிந்திருக்கும்?

பாதிச் சோற்றில் வழுக்கினால் வழுக்கின அளவுதான் நட்டம். 150 கிராமுக்குப் பதில் 400 கிராம் சாப்பிட்ட நாளில் கூடியது 325 கலோரி. அடுத்த நாள் பழைய அளவு. தண்ணீர் ஏற்ற இறக்கமும் சிறியது, குழம்பின் பாலும் மாறியிருக்கவில்லை.

அதை நடத்தும் விதம் இது. மத்தியானம் 150 கிராம் சோறு, 42 கிராம் மாப்பொருள். பருப்பு 100 கிராம், 20. காலையில் அவித்த கடலை 100 கிராமும் இரண்டு முட்டையும், 28. இரவு பாண் 60 கிராம், 30. பழுக்கப் பழுத்த பப்பாசி ஒரு துண்டு, 11. மரக்கறிகளோடு 140 கிராமுக்குள் நிற்கும். பாணுக்கு ஒரு குறிப்பு: 450 கிராம் றாத்தலில் கால் றாத்தல் என்பது 112 கிராம், அதில் மாப்பொருள் 55 கிராம் அளவு. அதாவது நமக்குப் பழகிய கால் றாத்தலில் பாதிதான் இரவுச் சாப்பாடு. புரதத்தை 70 கிலோ நிறையுள்ளவர் 80 கிராமுக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். சமைத்த மீன் 100 கிராமில் 22 கிராமுக்கு மேல், முட்டை ஒன்றில் 6, உலர்ந்த சோயா மீற் 30 கிராமில் 15. அப்படிப் பார்த்தால் மச்ச நாளில் மத்தியானமும் இரவும் மீனோ கோழியோ சேர்ந்தே ஆக வேண்டும். வெள்ளிக்கிழமைக்குச் சோயா மீற், கடலை, பருப்பு, தயிர். சுத்த சைவக்காரருக்கு 80 கிராமைத் தொடுவது சிரமம்தான். அவர்களுக்குச் சோற்றை 100 கிராமாக்கிப் பருப்பையும் கடலையையும் கூட்டும்படி சொல்வேன். ஆனால் அந்த அளவை நான் மற்றதைப்போல உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இதில் பிழைப்பது எங்கே? கண்ணளவில். மூன்றாம் கிழமையில் 150 கிராம் தன்பாட்டில் 220 ஆகியிருக்கும். 150 கிராமை ஒருமுறை தராசில் நிறுத்து, அது எந்தக் கோப்பைக்கு மட்டமாக வருகிறதோ அந்தக் கோப்பையையே அகப்பையாக வைத்திருங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தராசில் சரிபாருங்கள். இரண்டாவது பிழை, உருளைக்கிழங்குப் பிரட்டலைக் கறிக் கணக்கில் சேர்ப்பது. அது சோற்றுக் கணக்கு. மூன்றாவது, நாலு மணி. மத்தியானத் தட்டில் மீன் ஒரு துண்டும் சோறு கொஞ்சமும் மட்டும் இருந்தால் நாலு மணிக்குக் கட்லட் இரண்டு உறுதி. தட்டில் பாதி மரக்கறியாக இருக்க வேண்டும்: போஞ்சி, புடலங்காய், பாகற்காய், கங்குன், எது மலிவோ அது.

சிவப்பரிசியா வெள்ளையரிசியா என்று நேரம் செலவழிக்க வேண்டாம். மாப்பொருள் கிட்டத்தட்ட ஒன்றுதான், சிவப்பில் நார் கூட. தேங்காய் எண்ணெய் விட்டுச் சமைத்து 12 மணித்தியாலம் குளிரூட்டியில் வைத்தால் சோற்றின் கலோரி பாதியாகலாம் என்று 2015இல் உலகம் முழுக்கப் பேசப்பட்டதே, அது நம்முடைய இலங்கை வேதியியல் மாணவர் ஒருவரின் ஆய்வுகூட வேலையிலிருந்து வந்தது. சமிக்காத மாப்பொருள் கூடுவது உண்மை. அதை நம்பி 300 கிராம் போட்டுக்கொள்வது வேறு விஷயம்.

நீரிழிவுக்காரர் எந்த வழியில் போனாலும் மருத்துவரிடம் முதலில் போக வேண்டும், கீட்டோவுக்குக் கட்டாயமாக. இன்சுலினோ கிளிக்லசைட் குளிசையோ எடுப்பவர் மருந்தைக் குறைக்காமல் சோற்றை நிறுத்தினால் சீனி ஆபத்தாக இறங்கும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவுக் குளிசைகளை எடுப்பவர் கீட்டோ தொடங்கவே கூடாது: இரத்தச் சீனி சாதாரணமாகக் காட்டும்போதே இரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம், வீட்டு மீற்றரில் அது தெரியாது. மற்றவர்களும் தொடங்குமுன் ஒருமுறை, 12 கிழமை கழித்து ஒருமுறை கொலஸ்திரோல் பாருங்கள். தேங்காய்க் கொழுப்பு பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு. சிலருக்கு எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்திரோல், நன்றாகவே ஏறும்.

ஏற்கனவே கீட்டோவில் இருந்து வெளியே வர நினைப்பவர் ஒரே நாளில் வர வேண்டாம். கிழமைக்கு 50 கிராம் வீதம் சோற்றைத் திருப்பி எடுங்கள். அது 65 கலோரி. ஒவ்வொரு 50 கிராமுக்கும் அரை மேசைக்கரண்டி எண்ணெயைச் சட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள், அது 60. முதல் கிழமை நெய், இரண்டாம் கிழமை வறையின் தேங்காய்ப்பூ, மூன்றாம் கிழமை குழம்பு மறுபடியும் கப்பிப்பாலுக்கு. சோறு 150 கிராமில் வந்து நிற்கும்போது முதற்பால் கடைசிச் சுற்றுக்கு மட்டும் போயிருக்க வேண்டும்.