ஒட்டிய டார்ட்டில்லா: தோசைக்கல்லா, இட்லிச் சட்டியா?
ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த டார்ட்டில்லா (சப்பாத்தி போன்ற மெக்சிகோ ரொட்டி) அடுக்கு ஒரே பலகையாக ஒட்டியிருந்தால் தயவுசெய்து குளிரோடு பிய்க்காதீர்கள். குளிரில் மாவுச்சத்து விறைத்துவிடும், சுமார் 60 டிகிரிக்கு மேல் சூடானால்தான் மறுபடி இளகும்.

ஈரோட்டில் எங்கள் வீட்டில் இரண்டும் செய்து பார்த்தாயிற்று. மைதாவில் செய்ததற்குத் தோசைக்கல்தான்: சிறு தீயில் அடுக்கை அப்படியே வைத்து, அரை நிமிடத்தில் திருப்பிப்போட்டு, மேலே வந்த சூடான ஒன்றை மட்டும் விளிம்பிலிருந்து மெல்ல உரித்துவிட்டு, மீதியை மறுபடி சூடாக்க வேண்டும். நேரம் பிடிக்கும், ஆனால் கிழியாது.

இட்லிச் சட்டியில் மொத்த அடுக்கும் ஒன்றாக இளகும், வேலை சுலபம். துணியில் சுற்றாவிட்டால் மூடியிலிருந்து சொட்டும் நீர் மைதாவைப் பசையாக்கிவிடும். மக்காச்சோள டார்ட்டில்லா (சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மாவு அது) காய்ந்தால் நொறுங்குகிற ரகம், அதற்கு ஆவியே சரி.