340 டாலர் போச்சு: பழைய க்ளைம்பிங் ஸ்டாண்ட் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் படியுங்கள்

மான் வேட்டைக்கு மரத்தில் ஏறி உட்கார உதவும் க்ளைம்பிங் ஸ்டாண்ட் ஒன்றை வெள்ளிக்கிழமை வாங்கினேன், இன்று செவ்வாய். இந்த நாலு நாளில் யார் யாரிடமோ பேசிவிட்டேன், 340 டாலரில் ஒரு சல்லிக்காசு திரும்பவில்லை. கோபம் ஆறினால் எழுதாமலே விட்டுவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். மிச்சிகனில் வில் வேட்டைக்குப் போகும் தமிழர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஆனால் இந்த வருடம் புதிதாக மூன்று பேர் என்னிடம் "அண்ணா, எந்த ஸ்டாண்ட் வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் முக்கியமாக இது.

ஊரிலிருந்து படிப்பவர்கள் பதற வேண்டாம். அங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே உரிமம் வாங்கி, பருவம் பார்த்து, கணக்கு வைத்துச் செய்வது. வில்லுக்கு அக்டோபர் 1 முதல், துப்பாக்கிக்கு நவம்பர் 15 முதல்.

எனக்குச் சொந்த நிலம் கிடையாது. வாட்டர்லூ பக்கம் பொதுக்காட்டில்தான் போவேன். அங்கே மரத்தில் திருகி ஏற்றும் படிகள் போடக்கூடாது, ஏணி ஸ்டாண்டைத் தோளில் சுமந்துகொண்டு இடம் மாற்றி மாற்றி அலையவும் முடியாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, தடம் எங்கே புதிதாக இருக்கிறது என்று பார்த்து அன்றன்றைக்கு ஒரு மரத்தைப் பிடிக்க வேண்டும் என்றால் க்ளைம்பிங் ஸ்டாண்ட்தான் சரி. ஊரில் பனையேறுகிறவர்கள் காலில் தளை போட்டு ஏறுவார்களே, கிட்டத்தட்ட அதே வித்தைதான். மேலே உட்காரும் துண்டு ஒன்று, கீழே கால் வைக்கும் துண்டு ஒன்று, இரண்டிலிருந்தும் ஒவ்வொரு கேபிள் மரத்தைச் சுற்றி வரும். மேல்துண்டில் உட்கார்ந்து கீழ்துண்டைக் காலால் இழுத்துக்கொள்ள வேண்டும், அப்புறம் எழுந்து நின்று மேல்துண்டை உயர்த்த வேண்டும். இப்படியே இருபது அடி. நம் உயிர் மொத்தமும் அந்த இரண்டு கேபிளில்தான் இருக்கிறது, இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பழைய பொருள் விற்கும் ஒரு செயலியில்தான் பார்த்தேன், பெயர் வேண்டாம். "இரண்டே தடவை பயன்படுத்தியது, ஹார்னெஸ் புதிது, 340 டாலர்" என்று விற்பவர் போட்டிருந்தார். ஹார்னெஸ் என்றால் விழாமல் இருக்க உடம்பை மரத்தோடு கட்டும் பட்டை. சட்டென்று பணம் கொடுத்துவிடவில்லை, போனில் இருபது நிமிடம் பேசினேன். என் எடை என்ன, நான் போகும் காட்டில் எந்த மரம் அதிகம் என்றெல்லாம் அவரே கேட்டார். ஹிக்கரி மரத்தில் ஏறாதே, பட்டை உரிந்து வரும், ஸ்டாண்ட் வழுக்கும் என்றார், அது உண்மைதான். மரம் மேலே போகப் போகச் சிறுக்கும், அதனால் கீழே கட்டும்போதே முன்பக்கம் கொஞ்சம் தூக்கலாக வை என்றார், அதுவும் உண்மை. தான் ஏறி இறங்கும் வீடியோ ஒன்றும் அனுப்பினார். கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார், அதில்தான் நான் விழுந்தேன்: "எனக்கும் இரண்டு பிள்ளைகள். ஒருத்தன் கீழே விழுந்து சாகிற மாதிரி ஒரு பொருளை நான் விற்பேனா?" தொழில் தெரிந்த மனுஷன், பிள்ளைகுட்டிக்காரன், இதற்கு மேல் என்ன விசாரிக்க என்று நினைத்துவிட்டேன்.

பெட்ரோல் பங்க் வாசலில் இருட்டிய பிறகு வரச் சொன்னார். அவரே தூக்கி என் வண்டியின் பின்னால் வைத்தார். பணம் அனுப்பும் செயலியில் "நண்பருக்கு" என்று போட்டு அனுப்பச் சொன்னார், கட்டணம் பிடிக்க மாட்டார்களாம். 340 டாலர் அந்த நொடியே போய்விட்டது. தோளைத் தட்டி, முதல் கொம்பு மான் விழுந்ததும் படம் அனுப்பு என்றார்.

சனிக்கிழமை காலையில் கொல்லையில் இருக்கும் மேப்பிள் மரத்தில் கட்டிப் பார்த்தேன். முதல் தடவை தரையோடு தரையாகத்தான் ஏறிப் பார்க்க வேண்டும் என்று யாரோ எப்போதோ சொன்னது அன்று என்னைக் காப்பாற்றியது. மூன்றடி ஏறி எழுந்து நின்றேன், டக்கென்று ஒரு சத்தம், கால் கீழே ஒன்றுமில்லை. கீழ்துண்டு தரையில் கிடக்கிறது. மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கினேன், முழங்காலிலிருந்து கணுக்கால்வரை தோல் உரிந்துவிட்டது. பார்த்துக்கொண்டு நின்ற என் மனைவி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். இது காட்டில், இருபது அடியில், தனியாக இருக்கும்போது நடந்திருந்தால்?

இறக்கி வைத்து நிதானமாகப் பார்த்தேன். கேபிளின் ஒரு முனையில் கருப்பு டேப் சுற்றியிருந்தது, பிடிமானத்துக்கு என்று நினைத்திருந்தேன். பிரித்தால் உள்ளே துரு. நூல் நூலாக அறுந்த கம்பிகள் முள் மாதிரி நிற்கின்றன, விரலில் குத்தி ரத்தம் வந்தது. கேபிளை நிறுத்தும் உலோகப் பின் அசல் இல்லை, ஒல்லியான ஒரு போல்ட்டுக்குக் கருப்பு பெயின்ட் அடித்துச் செருகியிருக்கிறார்கள், நகத்தால் சுரண்டினால் பெயின்ட் வருகிறது. அதுதான் வளைந்து கழன்றிருக்கிறது. இரண்டு துண்டையும் இணைக்கும் பட்டை இல்லவே இல்லை. தயாரித்த தேதியும் தாங்கும் எடையும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருந்த இடத்தில் பசை மட்டும் பிசுபிசுவென்று இருக்கிறது. "புது" ஹார்னெஸிலும் தேதித் துணியைக் கத்தரித்திருக்கிறார்கள். தெரியாமல் விற்றவன் இதையெல்லாம் செய்ய மாட்டான்.

அவருக்குப் படங்கள் அனுப்பினேன். முதலில் "நீ கட்டினது தப்பு" என்றார். அப்புறம் "பார்த்துத்தானே வாங்கினாய்". அதோடு என் நம்பரைத் தடுத்துவிட்டார். பொருள் விற்கும் செயலிக்கு எழுதினேன். நேரில் கைமாறிய பொருளுக்குப் பொறுப்பில்லை என்று ஒரு வரி. பணம் அனுப்பும் செயலியில் கேட்டால், நண்பருக்கு அனுப்பியதைத் திருப்ப முடியாதாம். வங்கியில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீங்களே அனுமதித்த பரிமாற்றம் சார் என்றாள். போலீஸுக்குப் பேசினால் இது சிவில் விவகாரம், சிறு வழக்கு நீதிமன்றம் போங்கள் என்கிறார்கள். போகலாம்தான், அதற்கு அவருடைய உண்மைப் பெயரும் விலாசமும் வேண்டுமே! என்னிடம் இருப்பது ஒரு போன் நம்பர், அதுவும் இப்போது எடுக்கப்படுவதில்லை.

எந்த ஸ்டாண்ட் நல்லது என்று விளக்கமாக எழுதுவதாக அந்த மூன்று பேருக்கும் சொல்லியிருந்தேன், இன்று அதற்கு மனம் இல்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டேப் இருந்தால் பிரிக்கச் சொல்லுங்கள், மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். தேதி ஸ்டிக்கர் இல்லாததைத் தொடாதீர்கள். ஹார்னெஸ் எப்போதும் புதிதாகக் கடையிலேயே வாங்குங்கள், தரையை விட்டுக் கால் எடுக்கும்போதே அது மரத்தோடு கட்டியிருக்க வேண்டும். "நண்பருக்கு" என்று பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். முடிந்தால் இன்னும் கொஞ்சம் சேர்த்து வைத்துப் புதிதே வாங்கிவிடுங்கள்.

இன்று காலை அதே செயலியில் வேறொரு பெயரில் ஒரு விளம்பரம் பார்த்தேன். எனக்கு அனுப்பிய அதே வீடியோ, அதே மரம், அதே 340 டாலர். புகார் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது, விதிமீறல் எதுவும் இல்லையாம். விளம்பரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.