நெல்லைச் சீமையில் .32 பிஸ்டல்: வருடக்கணக்கில் வைத்திருந்தால் எது நிற்கும், எது படுத்தும்

திருநெல்வேலி, வள்ளியூர், அம்பாசமுத்திரம் பக்கம் லைசென்ஸ் பிஸ்டல் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் நாலு பெயர்தான் சுற்றிச் சுற்றி வரும். வால்தர் பிபி, பிரவுனிங் 1910 அல்லது 1922, கோல்ட் 1903, அப்புறம் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் அஷானி. எல்லாமே .32 போர், அதாவது குழல் துளையின் அளவு. இதற்குக் காரணம் சட்டம். 9 மி.மீ. தடை செய்யப்பட்ட போர் என்பதால் சாதாரண லைசென்ஸில் அதை நினைத்தே பார்க்க முடியாது. வெளிநாட்டுப் பிஸ்டல் இறக்குமதியும் 1980களிலேயே தனியாருக்கு நின்றுபோனதால், வால்தரும் பிரவுனிங்கும் கைமாறிக் கைமாறி வந்த பழைய சரக்குதான். அவற்றின் விலைக்கும் தரத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

முதலில் தோட்டா. லைசென்ஸில் ‘.32’ என்று பொதுவாக எழுதியிருப்பதை வைத்துக் குழம்புகிறவர்கள் அதிகம். பிஸ்டலுக்கு .32 ஏசிபி, அதாவது 7.65 மி.மீ. பிரவுனிங். ரிவால்வருக்கு .32 லாங். இரண்டும் வேறு. பிஸ்டல் தோட்டா சில ரிவால்வரில் தோட்டா உட்காரும் அறைக்குள் நுழைந்துவிடும். நுழைகிறதே என்று சுடக்கூடாது, அதன் அழுத்தம் கூடுதல். கடையில் வாங்கும்போதே பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டாவின் அடியில் கேஎஃப் என்று குத்தியிருந்தால் அது புனே பக்கம் கட்கித் தொழிற்சாலையில் செய்தது.

1899இல் பிறந்த இந்தத் தோட்டாவில் ஒரு பிறவிக் குணம் உண்டு. அதன் அடி விளிம்பு உடம்பைவிடக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேகஸினில், அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியில், மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால் மேல் தோட்டா முன்னே நகராது, ஸ்லைடு, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம், பாதியில் நின்றுவிடும். ‘துப்பாக்கி ஜாம் ஆகுது’ என்று வருகிற புகாரில் பெரும்பகுதி இதுதான். நிரப்பும்போது ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் கீழே உள்ளதற்கு முன்னால் உட்காருகிறதா என்று பார்த்து நிரப்புங்கள். நிரப்பிய மேகஸினின் முதுகை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினால் தோட்டாக்கள் ஒழுங்காகப் பின்னே ஒதுங்கும். மாட்டிக்கொண்டால் ஸ்லைடை இழுத்து இழுத்துச் சண்டை போட வேண்டாம். குழலைப் பாதுகாப்பான பக்கம் வைத்துக்கொண்டு மேகஸினைக் கழற்றுங்கள், அறை காலியா என்று பாருங்கள், பிறகு மேகஸினைத் தனியாகக் காலி செய்யுங்கள். மூக்கில் குழியுள்ள, நீளம் குறைந்த தோட்டாவில் இந்தத் தொல்லை கூடும். முழு உலோக உறை போட்ட உருண்டை மூக்குத் தோட்டாவே இந்தப் பழைய பிஸ்டல்களுக்குத் தோது.

மேகஸின்தான் பிஸ்டலின் உயிர். பழைய வால்தரோ பிரவுனிங்கோ பார்க்கப் போகிறவர் குழலைப் பார்ப்பதற்கு முன் மேகஸின் எத்தனை, அசலா என்று கேளுங்கள். மேல் உதடு இரண்டும் ஒரே அளவில் வளைந்திருக்க வேண்டும். கீழே விழுந்து ஒரு பக்கம் விரிந்திருந்தால் தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு குழலின் விளிம்பில் மோதும். முழுக்க நிரப்பி மேல் தோட்டாவை விரலால் அமுக்கி விடுங்கள். சோம்பலாக எழும்பினால் ஸ்பிரிங் போய்விட்டது. அந்த ஸ்பிரிங்கைப் பக்கத்து லேத் பட்டறையில் சுற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்ல ஊருக்கு ஒரு அண்ணாச்சி இருப்பார். கேட்காதீர்கள். ஆயுதம் பழுது பார்க்க லைசென்ஸ் உள்ள கடையைத் தவிர வேறு எங்கும் கொடுப்பது குற்றம், அது போக அந்தக் கம்பி நாலு மாதத்தில் தளர்ந்துவிடும்.

இனி ஒவ்வொன்றாக. எங்கள் கணக்கில் வால்தர் பிபிதான் முதலிடம். 1929இலிருந்து வருகிற வடிவம், எட்டுத் தோட்டா, குழல் சட்டத்தோடு அசையாமல் பொருத்தியது. அறையில் தோட்டா இருந்தால் பின்பக்கம் ஒரு சிறு ஊசி நீட்டிக்கொண்டு நிற்கும், இருட்டில் விரலால் தொட்டே தெரிந்துகொள்ளலாம். சுத்தியல் வெளியே இருப்பதால் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்ற சந்தேகமும் இல்லை. பிரிப்பதும் எளிது. மேகஸினை எடுத்து, அறையைச் சோதித்து, விசைக்காப்பை கீழே இழுத்து ஒரு பக்கம் சாய்த்து, ஸ்லைடைப் பின்னே இழுத்துத் தூக்கினால் வந்துவிடும். குறை இரண்டு. முதல் சுடுக்கு விசை மிகக் கனம், பழக்கம் இல்லாதவர் குறி கீழே போகும். கை பெரிய ஆளுக்குப் பெருவிரல் இடுக்கை ஸ்லைடு கீறிவிடும். தம்பியான பிபிகே இடுப்பில் மறையும், ஆனால் பிடியில் சுண்டுவிரலுக்கு இடமிருக்காது. ஒரு தோட்டாவும் குறைவு.

பிரவுனிங் இந்தச் சீமைக்குப் புதிய பெயரில்லை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங்தான். அந்தப் பெயரைச் சொல்லியே விலையை ஏற்றுகிறவர்கள் உண்டு, அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. 1910இல் ஏழு தோட்டா, 1922இல் குழலும் நீளம், தோட்டா ஒன்பது. உடுப்பில் மாட்டாத வழவழப்பான உடம்பு, பிடியின் பின்புறம் அமுக்கினால்தான் சுடும். ஆனால் உள்ளே தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசி ஏறியிருக்கிறதா என்பது வெளியே தெரியாது, கடைசித் தோட்டா தீர்ந்த பிறகு ஸ்லைடு திறந்தும் நிற்காது. எனவே ‘காலி’ என்று மனசில் கணக்குப் போடுகிறவருக்கு இது ஆகாது. ஸ்லைடைத் திரும்ப முன்னே தள்ளும் ஸ்பிரிங் குழலைச் சுற்றியே இருக்கும். முன்மூக்கு வளையத்தைத் திருப்பிக் கழற்றும்போது கட்டைவிரலால் அமுக்கிப் பிடிக்காவிட்டால் ஸ்பிரிங் பறந்துவிடும். இரண்டில் ஒன்று என்றால் 1922ஐ எடுங்கள்.

கோல்ட் அழகான சாமான், கைக்கு ரொம்பத் தோது. சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் பிரவுனிங்கின் அதே சந்தேகம் இதிலும் உண்டு. கடைசியாகச் செய்ததே 1945 வாக்கில் என்பதால் உதிரி பாகத்துக்கு அலைய வேண்டும். கோல்ட், பிரவுனிங் இரண்டிலும் இன்றைய பிஸ்டலில் உள்ள, விசையை இழுக்காமல் ஊசி அடிக்காதபடி பிடித்து வைக்கும் ஊசித் தடுப்பு கிடையாது. அறையில் தோட்டாவோடு இடுப்பில் செருகவே கூடாது.

அஷானியில் வால்தரின் விசை நயத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் இந்த நாலில் புதிதாக, ரசீதோடு, உதிரி பாகத்துக்கு வழியோடு கிடைப்பது அது ஒன்றுதான். குழல் தேய்ந்திருக்குமோ, நம்பர் மாறியிருக்குமோ என்ற கவலையும் இல்லை. முதல் துப்பாக்கி வாங்குகிறவருக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். புதிய பிஸ்டலில் ஸ்லைடு இறுக்கமாக இருக்கும். தொழிற்சாலைக் கிரீஸை முழுக்கத் துடைத்து, ஸ்லைடு ஓடும் தண்டவாளம் இரண்டிலும் ஆளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ரேஞ்சுக்குக் கொண்டு போங்கள்.

இந்தப் பக்கத்தில் பிஸ்டல் சுட்டுத் தேய்வதில்லை, சும்மா கிடந்து கெடுகிறது. பாபநாசம், தென்காசிப் பக்கம் சாரல் இறங்கிவிட்டால் பீரோவுக்குள்ளேயே துரு பிடிக்கும். உவரி, கூடங்குளம் கரையில் உப்புக்காற்று. பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆடிக்காற்றில் தூசி, திசையன்விளையில் தேரி மண். சாரல் மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, கடற்கரையில் வாரம் ஒரு தடவை, மற்ற இடத்தில் மாதம் ஒரு தடவை எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிடியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள், இடுப்பு வியர்வை முதலில் தின்பது அதன் அடியில்தான். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், நாளாவட்டத்தில் பிசுபிசுத்துப் பசையாகிவிடும். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் தேவலை. அதையும் ஊசி ஓடும் குழிக்குள் ஊற்றக்கூடாது. தூசியோடு சேர்ந்து சேறாகி ஊசியின் அடி பலமிழக்கும், தோட்டாவில் லேசான குழி மட்டும் விழும், வெடிக்காது. துருவை இளக்கும் ஸ்பிரே பட்டால் தோட்டாவின் கேப், அதாவது ஊசி அடித்ததும் தீப்பொறி தரும் அடிமூடி, செத்துப்போகும், அதனால் எண்ணெய்க் கையோடு தோட்டாவைத் தொடாதீர்கள்.

தோல் உறையில் போட்டுப் பூட்டி வைப்பது மிகப் பெரிய கெடுதல். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பு பித்தளைத் தோட்டாவில் பச்சை பூக்க வைக்கும். இரும்புப் பெட்டியில் பருத்தித் துணி சுற்றி, ஐம்பது கிராம் சிலிக்கா ஜெல் பை இரண்டு போடுங்கள். நீல மணி ரோஸ் ஆனதும் மாற்றுங்கள். தோட்டா தனிப் பெட்டியில், தனிப் பூட்டில்.

தேர்தல் காலம் இதற்கென்றே வரும் சோதனை. 2024 மக்களவைத் தேர்தலில் மார்ச் 16இல் அறிவிப்பு, ஜூன் 4இல்தான் எண்ணிக்கை. ஒப்படைக்கச் சொல்லி ஆணை வந்தால் இரண்டரை மாதத்துக்கு மேல் பிஸ்டல் நம் கையில் இருக்காது. கொடுக்கும் முன் குழலுக்குள்ளும் வெளியிலும் வழக்கத்தைவிடத் தாராளமாக எண்ணெய் பூசி, தோல் உறை இல்லாமல், எண்ணெய்த் தாளில் சுற்றிக் கொடுங்கள். ரசீதில் பிஸ்டல் நம்பரோடு மேகஸின் எத்தனை, தோட்டா எத்தனை என்பதையும் எழுதி வாங்குங்கள். திரும்ப வாங்கியதும் சுடும் முன் குழலில் மிஞ்சிய எண்ணெயை உலர்துணியால் முழுக்கத் துடைத்தாக வேண்டும்.

காலி செய்யும் வரிசை மட்டும் ஒருபோதும் மாறக்கூடாது. முதலில் மேகஸின் வெளியே, பிறகு ஸ்லைடை இழுப்பது, பிறகு அறையைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் சோதிப்பது. முதலில் ஸ்லைடை இழுத்துவிட்டு அப்புறம் மேகஸினை எடுத்தால் அறைக்குள் இன்னொரு தோட்டா ஏறி உட்கார்ந்திருக்கும். ‘காலித் துப்பாக்கி’ வெடித்தது என்று கேள்விப்படுவது பெரும்பாலும் இப்படித்தான். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் வானத்தைப் பார்த்துச் சுடும் ஆசை இருந்தால் அதற்கு வேட்டு இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு கொண்டாட்டத்தில் சுடுவதற்கு இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே.