ஆறு வருட ஃப்ரீஆர்டிஓஎஸ்: இன்டரப்ட்டும் டாஸ்க் முன்னுரிமையும்

மோட்டார் கண்ட்ரோலர் போர்டு ஒன்றில் ஆறு வருடமாக ஃப்ரீஆர்டிஓஎஸ் (சிறு சிப்புகளில் பல வேலைகளை நேரத்துக்கு ஓட்டும் சிறிய இயங்குதளம்) ஓட்டி வருகிறேன். சிப் எஸ்டிஎம்32எஃப்407, வேகம் 168 மெகாஹெர்ட்ஸ். முதல் வருடத்தில் என்னை மிகவும் அலைக்கழித்தது ஒரே ஒரு கோளாறு. இரண்டு மூன்று நாள் ஒழுங்காக ஓடும் போர்டு திடீரென உறைந்துவிடும். மேஜையில் வைத்துக் காத்திருந்தால் வரவே வராது.

காரணம் ஒரு எண். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் டாஸ்க்குக்கு, அதாவது அது மாறி மாறி ஓட்டும் நிரல் பகுதிக்கு, எண் கூடக் கூட முன்னுரிமை கூடும். சிப்பில் உள்ள கார்டெக்ஸ்-எம் செயலியின் இன்டரப்ட்டுக்கு (ஓடும் நிரலை நிறுத்திவிட்டு உடனே கவனிக்கச் சொல்லும் வன்பொருள் குறுக்கீடு) நேர்மாறு, 0தான் உச்சம். யூஆர்ட் (பைட் பைட்டாகத் தரவு வரும் தொடர் இணைப்பு) இன்டரப்ட்டுக்கு நான் எந்த எண்ணும் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் அது 0. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் மையப் பகுதியான கர்னல் தன் பட்டியல்களைத் திருத்தும்போது செயலியின் பேஸ்பிரி ரெஜிஸ்டர் மூலம் இன்டரப்ட்டுகளைத் தடுத்து வைக்கிறது. ஆனால் நாம் குறித்த வரம்புக்கு மேலே இருப்பவற்றை அது தடுக்காது. என் போர்டில் வரம்பு 5. அதற்கும் மேலே 0-வில் இருந்த யூஆர்ட், கர்னல் பாதி வேலையில் இருக்கும்போது உள்ளே புகுந்து, டாஸ்க்குக்கான தரவு காத்திருக்கும் கியூவில் பைட்டைப் போட்டது. பட்டியல் சிதைந்தது. அந்த நொடிப்பொழுதுக்குள் சரியாக ஒரு பைட் வந்து விழுவதற்குத்தான் இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கிறது.

யூஆர்ட்டை 6-க்கு மாற்றியதும் கோளாறு நின்றுவிட்டது. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் பிழைச் சோதனையான கான்ஃபிக்அசர்ட் போட்டிருந்தால் தப்பான முன்னுரிமையிலிருந்து வரும் முதல் அழைப்பிலேயே நிரல் நின்று காட்டிக்கொடுத்திருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள்.

என்னைத் தடுமாற வைத்த அதே வரம்புதான் இந்தக் கர்னலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமும். மோட்டாரின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கரன்ட் லூப் 50 மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை ஓட வேண்டும். அதன் இன்டரப்ட்டை 1-ல் வைத்து, உள்ளே கர்னல் அழைப்பு ஒன்றுகூட இல்லாமல் எழுதியிருக்கிறேன். கர்னல் என்ன செய்துகொண்டிருந்தாலும் அது காத்திருப்பதில்லை. ஆறு வருடத்தில் ஒரு சுற்றுகூடத் தவறியதாக நான் பார்க்கவில்லை.

இன்னொன்று: இன்டரப்ட் ஒரு டாஸ்க்கை எழுப்பினால், வெளியேறும்போது ஈல்டு சொல்ல வேண்டும், அதாவது உடனே டாஸ்க்கை மாற்றும்படி கர்னலிடம் கேட்க வேண்டும். மறந்தால் எதுவும் உடையாது, அதனால்தான் கண்ணில் படாது. எழுந்த டாஸ்க் அடுத்த டிக் (கர்னலின் கடிகாரத் துடிப்பு) வரை காத்திருக்கும். 1000 ஹெர்ட்ஸ் டிக்கில் 1 மில்லிசெகண்ட் வரை. சிப்பின் ஒரு பின்னை ஏற்றி இறக்கி ஸ்கோப்பில் (அலைக்காட்டியில்) பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

சிப்புகளை இணைக்கும் எஸ்பிஐ பஸ்ஸை இரண்டு டாஸ்க் பகிர்ந்த இடத்தில், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் பயன்படுத்த, பைனரி செமஃபோர் (எடுக்கவும் கொடுக்கவும் கூடிய ஒற்றைக் கொடி) வைத்திருந்தேன். முன்னுரிமையில் கீழ் டாஸ்க் பஸ்ஸைப் பிடித்திருக்க, நடு டாஸ்க் அதை ஓடவிடாமல் செய்ய, மேல் டாஸ்க் வெறுமனே நின்றது. 1997-ல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனதும் இதே முன்னுரிமைத் தலைகீழால்தான். மியூடெக்ஸில் (பகிரும் பொருளுக்கான பூட்டு) முன்னுரிமை மரபுரிமையை, அதாவது பூட்டைப் பிடித்திருக்கும் கீழ் டாஸ்க்குக்குக் காத்திருக்கும் மேல் டாஸ்க்கின் முன்னுரிமையைத் தற்காலிகமாகத் தருவதை, இயக்கிச் சரிசெய்தார்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் மியூடெக்ஸுக்கு அந்த வசதி இயல்பாகவே உண்டு, பைனரி செமஃபோருக்குக் கிடையாது. பகிரும் பொருளுக்கு மியூடெக்ஸ், செய்தி சொல்ல மட்டும் செமஃபோர் என்று பிரித்துவிட்டேன். பிறகு, ஒரே டாஸ்க்கை எழுப்பும் இடங்களிலெல்லாம் செமஃபோரையும் எடுத்துவிட்டு, அந்த டாஸ்க்குக்கே நேராகச் செய்தி அனுப்பும் டாஸ்க் நோட்டிஃபிகேஷன் போட்டேன். வேகமாகவும் இருக்கிறது, ரேமும் மிச்சம்.

டாஸ்க் முன்னுரிமை பற்றி என் எண்ணம் முழுதாக மாறியிருக்கிறது. ‘முக்கியமான’ டாஸ்க்குக்கு மேல் எண் என்றுதான் தொடங்கினேன். வாடிக்கையாளர் பார்ப்பது திரை என்பதால் திரைக்கு மேலிடம் கொடுத்தேன், பட்டன் மந்தமானது. இப்போது அடிக்கடி ஓட வேண்டியது மேலே, எப்போதாவது ஓடுவது கீழே. கணினி ஆய்வாளர்கள் லியூவும் லேலண்டும் 1973-லேயே நிறுவிய வழி இது. டாஸ்க்குக்கு ஒன்றாகப் பதினொரு நிலை வைத்திருந்தேன், நான்கே போதுமாக இருக்கிறது.

இரண்டு எண் வரிசையையும் அருகருகே எழுதிய அட்டவணை ஒன்று நிரலின் முதல் கோப்பில் இருக்கிறது. புது இன்டரப்ட் சேர்க்கிறவர் முதலில் அதில் ஒரு வரி எழுத வேண்டும், பிறகுதான் நிரல் எழுதலாம்.