ரெஸ்யூமே அனுப்ப பிடிஎஃப்பா, வேர்டா?

விளம்பரத்தில் வடிவம் சொல்லியிருந்தால் அதுதான். சொல்லாதபோதுதான் குழப்பம்.

தோற்றம்: பிடிஎஃப் எங்கே திறந்தாலும் குலையாது. வேர்டில் நீங்கள் வைத்த எழுத்துரு பெறுபவரின் கணினியில் இல்லையென்றால் வேறொன்று வந்து உட்காரும். 1 பக்கம் 2 ஆகிவிடலாம்.

திருத்தம்: வேர்டில் எளிது. தொடர்பு விவரத்தை நீக்கி நிறுவனத்துக்கு அனுப்ப நினைக்கும் ஆள்சேர்ப்பு முகவர்கள் அதையே கேட்பார்கள்.

மென்பொருள் வாசிப்பு (ரெஸ்யூமேக்களை வடிகட்ட நிறுவனங்கள் வைத்திருக்கும் மென்பொருள்): எழுத்தாக இருந்தால் பெரும்பாலும் இரண்டும் சரி. ஆனால் ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம். மவுஸால் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். முடியாவிட்டால் மென்பொருளும் திணறும். வேர்டில் ஹெட்டருக்குள், அதாவது பக்கத்தின் மேல் ஓரப் பகுதிக்குள், போட்ட கைப்பேசி எண் விடுபடலாம்.

நிறுவனத்துக்கு நேரடி மின்னஞ்சல் என்றால் பிடிஎஃப், முகவருக்கு வேர்டு. மூலக்கோப்பு வேர்டிலேயே இருக்கட்டும்; ஒவ்வொரு வேலைக்கும் திருத்தி பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். கோப்புக்கு உங்கள் பெயரும் பதவியும் போதும், ‘ஃபைனல்2’ வேண்டாமே!